அறுபத்து மூணு லட்சம் தடவை

ஃபைலு மேல கையை வைக்காதீங்க தம்பி. உக்காருங்க, தாராளமா உக்காருங்க, பஸ்சுல இது மூணு பேரு சீட்டுதான். பையை மட்டும் உங்க மடியில வெச்சுக்கங்க. இல்லீங்க, கோவமெல்லாம் இல்லை. உள்ள இருக்கறது நாலே நாலு காயிதம். ஆனா அந்த நாலு காயிதத்துல ஒருத்தியோட வேலை இருக்குதுங்க. இன்னிக்குப் பதினோரு மணிக்கு லட்சுமி மில் பக்கத்துல எங்க ஹெட் ஆபீசுல விசாரணை. ரெண்டு பேருல ஒருத்தர் ஊட்டுக்குப் போகோணும். அது நான் இல்லை.

எதுக்குன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவால்லீங்க, கருமத்தம்பட்டியே இன்னும் வரலை, சொல்றேன். பையைப் பார்த்தா நீங்களும் கம்ப்யூட்டர் வேலைதானுங்க. அப்ப உங்களுக்கு வெளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் வெளக்கறேன், ஏன்னா உங்க வயசுக்காரங்களுக்குப் பேரெல்லாம் தெரியும், வேலை தெரியாது. உங்களைச் சொல்லலீங்க. பொதுவாச் சொல்றேன்.

எங்களுது ரத்தப் பரிசோதனைக் கம்பெனி. ஊர் ஊருக்கு லேப் இருக்குது. ரத்தம் எடுப்பாங்க, அங்க இருக்கற மெஷினு அளந்து எண்ணிக்கை அனுப்பும், அதை இங்க சரி பார்த்து ரிப்போர்ட்டாக்கி டாக்டருக்கு அனுப்போணும். இந்தச் சரி பார்க்கற வேலைக்கு நாப்பது மெஷினை ஒண்ணாக் கட்டிப் போட்டிருக்குது. கிளஸ்டர்ம்பாங்க. ஒவ்வொரு மெஷினும் ஒரு நோடு. அதுக்கு மேல ஓடறது அப்ளிகேஷன். அப்ளிகேஷன் தன்ர வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சு டப்பா டப்பாவா நோடுகள்ல எறக்கி வெச்சிருக்கும், அந்த டப்பா கன்டெய்னர். எங்ககிட்ட அறுநூறு கன்டெய்னர். எது எங்க உக்காரோணும்னு சொல்றதுக்கு ஒரு தலைமை மெஷினு. அந்தத் தலைமைக்கு ஒரு சன்னல் இருக்குதுங்க, ஏ.பி.ஐ.ங்கறது. சன்னல்ல போயி, பதினேழாம் நோடு உசுரோட இருக்குதா, நானூத்திமூணாம் கன்டெய்னர் ஓடுதான்னு கேட்டா, அது பதில் சொல்லும்.

அந்தக் கேக்கற வேலை என்ர வேலை. கேட்ட பதிலைப் பலகையில போடறதும் என்ர வேலை. பலகைன்னா ஒரு பெரிய டிவிங்க. ஓடுனா பச்சை, நின்னா செகப்பு. அந்தப் பலகையை நானே எழுதுனேன். நாப்பத்தாறு வயசுல புஸ்தகம் வாங்கி வெச்சுப் படிச்சு எழுதுனேனுங்க. நான் இந்தக் கம்பெனிக்கு வந்தப்ப என்ர வேலை ஒயர் இழுக்கறது. ஏணி மேல ஏறி ஒயர் இழுத்தவன் ஏ.பி.ஐ.கிட்டப் பேசறான்னா சும்மாவா? பத்தொம்பது வருசம் ஆச்சு. ஒரு நாள் லீவு போடறதுன்னாக் கூட ஒரு மாசம் முன்னாடியே எழுதிக் குடுத்தவன் நான்.

அங்க வந்து சேர்ந்தாளுங்க கோகிலவாணின்னு ஒரு புள்ள. காங்கேயத்துப் பக்கம். இருபத்தேழு வயசு. நல்லாப் பேசுவா. வந்த மொதல் வாரமே எங்கிட்ட வந்து, "சென்னியப்பண்ணா, உங்க பலகை ரொம்ப நல்லா இருக்குதுங்ணா, ஆனா ஒவ்வொரு கன்டெய்னரையும் தனித்தனியாக் கேக்கறீங்களே, மொத்தமா ஒரே கேள்வியாக் கேக்கலாமே"ன்னா. பார்த்தீங்களா? நல்லா இருக்குதுங்ணாவாம், ஆனாவாம். மொத்தமாக் கேட்டா அந்தத் தலைமை மொத்தமாப் பொய் சொல்லிட்டா என்ன பண்றது? வகுப்புல வாத்தியாரு எல்லாரும் வந்தாச்சான்னு கேட்டா, வந்தாச்சு சார்னு நாலு பேரு கத்துவான். பேரு சொல்லிக் கூப்பிட்டாத்தானே எவன் வரலைன்னு தெரியும்? அதைத்தான் சொன்னேன். சிரிச்சுட்டுப் போனா.

அந்தச் சிரிப்பை நான் அன்னிக்கே மனசுல குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

ஆனா நான் கெட்டவன் இல்லை தம்பி. அதைச் சொல்லிடோணும். போன வருசம் அவங்கப்பன் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரில கெடந்தாரு. இருபத்தி மூணு நாளு. புள்ளைக்கு லீவு தர மாட்டேன்னு சொல்லீட்டாங்க, சேர்ந்து ஒரு வருசம் ஆகலைன்னு. நான்தான் தாமோதரன் சார்கிட்டப் போயி நின்னு, அந்தப் புள்ளயோட வேலையையும் நானே பார்க்கறேன், வேலையில இருந்து அவ பேரை எடுக்க வேண்டாம்னு சொன்னேன். தாமோதரன் சார்தான் எங்களுக்கு மேல. இருபத்தி மூணு நாளும் பார்த்தேன். ஒரு வார்த்தை வெளிய சொன்னதில்லை. இப்ப உங்ககிட்டச் சொல்றேன், அவ்ளோதான். அந்த நன்றி இருக்குதுங்களா? துளி இருக்குதுங்களா?

போனு அடிக்குதே, எடுக்கலையான்னு பார்க்கறீங்க. அவதான். காலைல இருந்து ஆறாவது தடவை. அடிக்கட்டும். பதினோரு மணிக்கு நேர்ல பார்த்துக்கலாம்.

வேலைக்கு வர்றேன். போன சித்திரையில ஒரு நாளு, ஒரு நோடு நின்னு போச்சுங்க. என்ர பலகை அப்ப நிமிசத்துக்கு ஒருக்காதான் கேக்கும். அதுல என்னமோ ஒரு கோளாறு, செகப்பு விழுகலை. நாப்பது நிமிசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. தாமோதரன் சார் பன்னெண்டு பேரு முன்னாடி வெச்சுக் கேட்டாரு, நாப்பது நிமிசமா ஒரு மெஷினு செத்துக் கெடக்குது, நீங்க என்ன பண்ணீட்டு இருந்தீங்க சென்னியப்பன்னு. அந்தப் பன்னெண்டு பேருல இவளும் இருந்தா. ஊட்டுக்குப் போயிச் சோறு எறங்கலைங்க. ஊட்டுக்காரி கேட்டா, என்னங்க வெசனம்னு. சொல்லலை. சொன்னா அவளுக்கு மட்டும் என்ன தெரியப் போகுது.

அடுத்த நாளே மாத்தீட்டேன். நிமிசத்துக்கு ஒருக்கா இல்லை, அஞ்சு நொடிக்கு ஒருக்கா. நாப்பது நோடு, அறுநூறு கன்டெய்னரு, அப்ளிகேஷன் எல்லாம், ஒண்ணு விடாம, பேரு சொல்லிச் சொல்லி. பதில் வரலைன்னா சும்மா விடற ஆளா நானு? அரை நொடி பார்க்கும், மறுபடி கேக்கும். அதுக்கும் வரலைன்னா மறுபடி கேக்கும். சொல்லற வரைக்கும் விடாது. இப்புடி ஒரு பலகை கோயமுத்தூர் ஜில்லாவுல எவங்கிட்ட இருக்குதுன்னு காட்டுங்க பார்க்கலாம்.

என்னங்க? நொடிக்கு எத்தனை கேள்வின்னா? நீங்களும் அவளை மாதிரியே கேக்கறீங்க. கணக்கெல்லாம் எனக்கு எதுக்குங்க. கேட்டாத் தெரியும், கேக்காட்டித் தெரியாது. அவ்ளோதான் கணக்கு.

அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுங்களா? "கல்யாண வீட்டுல சமையல் மாஸ்டர்கிட்டப் போயி அஞ்சு நொடிக்கு ஒருக்கா, சாம்பார் ஆச்சா, ரசம் ஆச்சா, அப்பளம் எத்தனை பொரிச்சீங்கன்னு அறுநூறு அயிட்டமும் கேட்டா, அவரு பதில் சொல்லுவாரா, சமைப்பாராங்ணா"ன்னா. நான் சொன்னேன், எங்க ஊட்டுக் கல்யாணத்துல நான் அப்புடித்தான் கேட்டேன், ஒரு அயிட்டம் கொறையலைன்னு. உண்மைங்க அது. பந்தி மட்டும் ஒரு மணி நேரம் லேட்டாச்சு. அது மாஸ்டரோட சோம்பேறித்தனம்.

அப்புறம் ஆயுத பூஜை வந்துதுங்க. எங்க ஆபீசுல எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வெப்போம். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் உண்டு. நான் என்ர பலகையைத் துடைச்சு, மாலை போட்டு, டிவிக்கு நடுவுல நல்லாப் பெருசா சந்தனத்தை அப்பி அதுக்கு மேல குங்குமம் வெச்சேன். கண்ணு பட்டுறக் கூடாதுல்லீங்க. அது போயி பதினேழாம் நோடு கட்டத்துக்கு மேல உக்காந்துக்கிச்சு. செகப்பா. அன்னிக்குச் சாயங்காலம் ஓசூர் லேப்ல இருந்து ஒருத்தன் வந்து பார்த்துட்டு, ஐயோ பதினேழாம் நோடு போச்சுன்னு பதறி அடிச்சு அதை நிறுத்தி மறுபடி ஓட்டீட்டான். நல்லா ஓடீட்டு இருந்ததை. அவன் முட்டாளுன்னா அதுக்கு என்ர குங்குமம் என்ன பண்ணும்? ஆனா இந்தக் கோகிலவாணி என்ன பண்ணுனா, ஈரத் துணியை எடுத்துட்டு வந்து பொட்டை அழிச்சுப்போட்டா. பூஜை முடிஞ்சு ராத்திரி கூடத் தாண்டலை. சாமிக்கு வெச்ச பொட்டுங்க. அன்னைக்கு நான் முடிவு பண்ணீட்டேன், இவளா நானான்னு.

கணியூர் டோல்கேட். இங்க எப்பவுமே நிக்கும். ஏன் இப்புடி ஆரன் அடிக்கறான் பாருங்க. அடிச்சா முன்னாடி நிக்கறவன் பறந்தா போவான்? அறிவு கெட்டவன்.

பொட்டை அழிச்ச அன்னிக்கு நான் ஒரு வேலை பண்ணுனேன். ஒரு பலகை இருந்தாத்தானே அவ துடைப்பா? எல்லாருக்கும் மெயில் போட்டேன். பூஜை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை காலைல வந்ததும், அவங்கவங்க மேசையில, அவங்கவங்க கம்ப்யூட்டர்ல, என்ர பலகையைத் தெறந்து வெச்சுக்கோணும். சாயங்காலம் வரைக்கும் மூடக் கூடாது. தாமோதரன் சார் பேரையும் மெயில்ல சேர்த்துப் போட்டேன், அப்பத்தான் செய்வாங்க. நல்ல யோசனைன்னு அவரே பதில் போட்டாரு. முப்பத்தி நாலு பேரு. முப்பத்தி நாலு பேரும் தெறந்து வெச்சாங்க. நான் நடுவுல நடந்து போயிப் பார்த்தேன். திரும்பன பக்கமெல்லாம் பச்சைங்க. புரட்டாசி மாசத்துல நெல்லு வயக்காட்டுக்குள்ள நிக்கற மாதிரி இருந்துது. பத்தொம்பது வருசத்துல எனக்கு அப்புடி ஒரு சந்தோசம் வந்ததே இல்லை.

ஆமாங்க, முப்பத்தி நாலும் தனித்தனியாத்தான் கேக்கும். அவங்கவங்க பலகை அவங்கவங்களுக்குக் கேக்கோணும்ல? இதென்ன கேள்வி.

அதே திங்கக்கிழமை பத்து மணிக்கு இவ ஒரு புது அப்ளிகேஷனை ஏத்துனா. கவனிச்சுக்குங்க. பத்து மணி. பத்தரைக்குத் தலைமை மெஷினு வாயடைச்சுப் போச்சு. கேட்டா பதில் இல்லை. நோடெல்லாம் இருக்குது, ஆனா எதுக்கும் வேலை சொல்ல ஆளில்லை. பலகை முப்பத்தி நாலும் ஒரே நேரத்துல செகப்பாச்சு. ரிப்போர்ட் ஒண்ணும் போகலை. மூணு மணி நேரம் நாப்பது நிமிசம். தர்மபுரில ஒரு ஆஸ்பத்திரில ஆபரேசன் மேசையில படுக்க வெச்ச அம்மாவைத் திருப்பி வார்டுக்கு அனுப்புனாங்களாம், தட்டணு எண்ணிக்கை வரலைன்னு. நாமக்கல்ல டெங்குக் குழந்தை ஒண்ணை வெச்சுக்கிட்டு டாக்டரு போன்ல கத்தறாரு. கையால அளந்து சமாளிச்சுட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆயிருந்தா? நான் என்ன பண்ணுனேன்? அஞ்சு நொடியை ரெண்டு நொடியா ஆக்கீட்டேன். சீக்குக்காரன் பக்கத்துல நாம விடாம உக்கார மாட்டமா? அது மாதிரிதான்.

அப்பவும் அது எந்திரிக்கலை.

மத்தியானம் ரெண்டு மணிக்குத் தாமோதரன் சார் என்னைப் புடிச்சுச் சாப்பிட அனுப்புனாரு, மொகம் வெளுத்துப் போச்சு, போயி ரெண்டு வாயி சாப்பிட்டு வாங்கன்னு. நான் கேன்டீன்ல உக்காந்து ஒரு வாயி வெச்சிருப்பேன். அதுக்குள்ள இவ எந்திரிச்சு நின்னு, "எல்லாரும் அண்ணனோட பேஜை மூடுங்க"ன்னு சொல்லி, பெரிய டிவியோட ப்ளக்கைப் புடுங்கீட்டாளுங்க. ஆளில்லாத நேரம் பார்த்து. சரியா ரெண்டு பத்துக்குத் தலைமை மெஷினு தானா எந்திரிச்சுக்கிச்சு. நோடெல்லாம் வந்து சேர்ந்துக்கிச்சு. ரிப்போர்ட் எல்லாம் வரிசையாப் போச்சு.

அந்த வயித்தெரிச்சலை நான் ஆருகிட்டச் சொல்றதுங்க? காலைல இருந்து கண்ணு இமைக்காமக் காத்திருந்தது நானு. அது உசுரு வந்து எந்திரிக்கற நேரத்துல என்ர பலகை ஒண்ணு கூட அதைப் பார்க்கலை. ஒண்ணே ஒண்ணு கூட. எந்திரிக்கறது எந்திரிச்சிருக்கும், பத்து நிமிசம் பொறுத்திருந்தா என்ர பலகையில பச்சை விழுந்திருக்கும். நோகாம நோம்பி கும்புடறதுன்னு சொல்லுவாங்களே, அதேதான். பேரு அவளுக்குப் போயிருச்சு, கோகிலவாணி சரி பண்ணீட்டான்னு.

என்ன, தலையை ஆட்டறீங்க? ஆமாங்கறீங்களா, இல்லைங்கறீங்களா? சித்தெ பொறுங்க, இன்னும் முடியலை.

ஆஸ்பத்திரிக்காரங்க சும்மா விடுவாங்களா? காரணம் வேணும், ஆளு பேரு வேணும்னு எழுத்துல கேட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமை தாமோதரன் சார் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. மேல இருந்து அவருக்கு நெருக்கடி. திங்கக்கிழமை பத்து மணிக்கு மாத்துனது இவ. கண்காணிக்கற பொறுப்பு என்னுது. புதன்கிழமை பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் இருக்கற ஆதாரத்தைக் கொண்டு வாங்க, ஒருத்தரை அனுப்பித்தான் ஆகோணும்னு சொல்லீட்டாரு. இன்னிக்குப் புதன்.

இவ நேத்தே எழுதிக் குடுத்துட்டா. அரைப் பக்கம். காப்பி எனக்கும் வந்துது. என்ன எழுதியிருக்கறா தெரியுங்களா? புது அப்ளிகேஷனை ஏத்துனது நான், அதுல பழுது இருந்துதான்னு உறுதியாச் சொல்ல முடியலை, நின்னதுக்குக் காரணம் தெரியலை. அவ்வளவுதான். என்ர பேரே இல்லை அதுல. பலகையைப் பத்தி ஒரு வரி இல்லை. ப்ளக்கைப் புடுங்குனதைப் பத்திக் கூட இல்லை. யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கும்பாங்க, அது மாதிரி தன்ர தலையில தானே போட்டுக்கிட்டா. குத்தம் பண்ணுன நெஞ்சு வேற என்ன எழுதும்?

எழுதிக் குடுத்துப்போட்டு நேத்துச் சாயங்காலம் படிக்கட்டுல என்னை நிறுத்துனா. கண்ணெல்லாம் ஒரு மாதிரி செவந்து இருந்துது. பயம். என்ன சொன்னா தெரியுங்களா? வார்த்தைக்கு வார்த்தை சொல்றேன். "சென்னியப்பண்ணா, நீங்க நாளைக்கு ஒண்ணும் கொண்டு வர வேண்டாங்ணா. எனக்கு எங்க போனாலும் வேலை கெடைக்கும். உங்களுக்கு இந்த வயசுல கெடைக்காதுங்ணா."

கேட்டீங்களா? திமிரைப் பாருங்க. எனக்கு வேலை கெடைக்காதாம். மூஞ்சிக்கு நேராச் சொல்றா. ஏணி மேல நின்னு ஒயர் இழுத்தவன்தானே, இவனுக்கு என்ன தெரியும்னு எளக்காரம். எனக்கு அப்புடியே உச்சந்தலை வரைக்கும் சுட்டுது. அவங்கப்பன் படுத்துக் கெடந்தப்ப அவ வேலையையும் நான் பார்த்த கதையை அங்கயே சொல்லிக் காட்டியிருப்பேன். அதை விட்டுட்டு நேரா மேல போயி லாக்கை எடுத்தேன்.

லாக்குன்னா, அந்தச் சன்னல்ல ஆரு வந்து கேட்டாங்க, எப்பக் கேட்டாங்க, எத்தனை தடவை கேட்டாங்கன்னு தலைமை மெஷினு தானே எழுதி வெச்சுக்கற பட்டியல். அதை எவனும் மாத்த முடியாது. எங்க ஆபீசுல ஒருத்தனும் இது வரைக்கும் தெறந்து பார்த்ததில்லை. இவ மட்டும் பார்த்திருக்கறா, அது எனக்குத் தெரியும், திங்கக்கிழமை மத்தியானம் அவ ஸ்கிரீன்ல அதுதான் இருந்துது. பார்த்துட்டு மூடி வெச்சுட்டா. ஆருகிட்டயும் சொல்லலை. ஏன் சொல்லலை? சொன்னா அவ வண்டவாளம் தண்டவாளம் ஏறிரும்ல.

நாலு பக்கமாப் பிரிண்டு எடுத்திருக்கறேன். மொத மூணு பக்கம் நேரம் வாரியா. நாலாவது பக்கம்தான் முக்கியம், அது பேரு வாரியா. சரி, நீங்களும் இத்தனை நேரம் கேட்டுட்டு வர்றீங்க, பாருங்க. ஓரத்தைப் புடிங்க, கை வேர்வை படாம.

பார்த்தீங்களா? திங்கக்கிழமை காலை பத்துல இருந்து பத்தரை வரைக்கும். கோகிலவாணி, பன்னெண்டு தடவை. அரை மணி நேரத்துல பன்னெண்டே பன்னெண்டு தடவை. புது அப்ளிகேஷனை ஏத்திப்போட்டு அது ஓடுதான்னு பார்க்கக் கூட மனசில்லாதவ. அதுக்குக் கீழ படிங்க. சத்தமாப் படிங்க. சென்னியப்பன் பலகை, அறுபத்து மூணு லட்சத்து பதினோராயிரத்து நானூத்தி ஏழு. அறுபத்து மூணு லட்சம் தடவை தம்பி. இந்தக் கம்பெனியில ஆருக்கு அக்கறை, ஆருக்கு இல்லைன்னு இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? நாப்பது நிமிசம் என்ன பண்ணீட்டு இருந்தீங்க சென்னியப்பன்னு கேட்டாருல்ல? இதைத்தான் பண்ணீட்டு இருந்தேன்னு இந்தக் காயிதத்தை அவரு மேசை மேல வெக்கப் போறேன். பன்னெண்டு பேரு முன்னாடி.

ஏன் உங்க மொகம் இப்புடிப் போகுது?

குடுக்காதீங்கவா? எதை? இதையா?

எதுக்குங்க குடுக்கக் கூடாது? அதான் ஏனுன்னு கேக்கறேன். எனக்கு எதிரா? நல்லாப் பேசறீங்க. கேட்டவன் மேல எப்புடிங்க குத்தம் வரும்? பதில் சொல்லாம நின்னது தலைமை மெஷினு, ஏத்துனது அவ, நான் கேள்விதான் கேட்டேன். கேள்வி கேட்டு ஒரு மெஷினு சாகுமா? மாஸ்டர் கதையை நீங்களும் ஆரம்பிக்காதீங்க. காயிதத்தைக் குடுங்க இப்புடி. நீங்க என்ன, அவளுக்கு ஒறம்பரையா, சொந்தக்காரனா? காங்கேயமா? பின்ன எதுக்கு அவளுக்குப் பரிஞ்சு பேசறீங்க. கையை எடுங்க தம்பி. கையை எடுங்கன்னு சொன்னேன்.

மடங்கிப் போச்சு பாருங்க ஓரம். உங்களை நம்பிக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லோணும்.

பீளமேடு தாண்டியாச்சு. அடுத்தாப்புல நவ இந்தியா, அதுக்கு அடுத்தது நாம எறங்க வேண்டியது.

இப்பப் பாருங்க, மெசேஜு வருது. போனை எடுக்கலைன்னதும் எழுதி அனுப்பறா. படிக்கறேன், கேளுங்க. நான் இட்டுக் கட்டிச் சொல்றேன்னு நெனைக்காதீங்க, அவ எழுத்துலயே இருக்குது. "அண்ணா, நீங்க லாக் பிரிண்டு எடுத்ததைப் பார்த்தேன். கெஞ்சிக் கேக்கறேன், அந்த நாலாவது பக்கத்தை மட்டும் எடுத்துருங்கண்ணா. நான் தாமோதரன் சார்கிட்ட ராஜினாமாவை எழுதிக் குடுத்துட்டேன். நீங்க ஒண்ணும் பேசாம நின்னாப் போதும்."

எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம். கேட்டுக்குங்க. நாலாவது பக்கம்னு நம்பரோட சொல்றா. அது அவ கழுத்தைப் புடிக்கும்னு தெரிஞ்சுதானே கெஞ்சறா? ராஜினாமாவாம். தானா எழுதிக் குடுத்துட்டாக் கவுரவமாப் போயிரலாம்னு பார்க்கறா. விட்டுருவேனா? அவ பாட்டுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா, நான் பேசாம நின்னு தப்பிச்சேன்னு ஆயிரும். பத்தொம்பது வருசம் உழைச்சவன் வாயை மூடிக்கிட்டா வெளிய வரோணும்? அறுபத்து மூணு லட்சம் தடவை கேட்டிருக்கறேன், ஒரு தடவையாவது என்னை ஒருத்தன் கேக்க வேண்டாமா?

அழுவீங்க போல இருக்குதே. இந்தக் காலத்துப் பசங்க எல்லாமே இப்புடித்தான், பொட்டப் புள்ளைக கெஞ்சுனா உருகீருவீங்க. வழி விடுங்க. காலை நகத்துங்க.

அவ எடுக்கச் சொன்ன பக்கத்தை எடுத்துட்டேன் பாருங்க. எடுத்து எல்லாத்துக்கும் மேல வெச்சாச்சு. ஃபைலைத் தெறந்ததும் தாமோதரன் சார் கண்ணுல மொத மொதல்ல என்ர பேருதான் படோணும்.

ஏனுங்க கண்டக்டர், லட்சுமி மில்லு எறக்கம்.